யூவேர்ல்ட் என்கிளெக்ஸ் வினா வங்கி: காசு வீணாகாமல் இருக்க

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதப் போகிறவர்கள் யூவேர்ல்ட் நிறுவனத்தின் இணைய வினா வங்கியை வாங்கலாம். கேள்விகள் 2000-க்கு மேல் இருக்கின்றன. கொடுத்த காசுக்கு மதிப்பு, விடை சொன்ன பிறகு கீழே விரியும் விளக்கத்தில்தான் கிடைக்கிறது. சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற ஒவ்வொன்றும் ஏன் இரண்டாமிடத்துக்குப் போகிறது என்றும் அது சொல்லும்.

ஒரு கேள்வியின் போக்கைப் பாருங்கள். முன்சூல்வலிப்புக்காக (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் உயரும் நோய்) ஒரு தாய்க்கு மெக்னீசியம் சல்பேட் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிறது. தாயின் மூச்சு நிமிடத்துக்கு 10, முழங்கால் அனிச்சை இல்லை. டாக்டரைக் கூப்பிடுவதா, முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் எடுப்பதா, சிறுநீர் அளவு பார்ப்பதா, சொட்டை நிறுத்துவதா? நான்கும் செய்ய வேண்டியவையே. அளவு மீறி நஞ்சாகிவிட்ட மருந்து உடம்புக்குள் போய்க்கொண்டே இருப்பதால் நிறுத்துவது முதலில் வருகிறது. பாடம் தெரிந்தவர்களும் இங்கே தவறுகிறார்கள், ஏனென்றால் கேள்வி கேட்பது வரிசையை.

தமிழ்நாட்டில் படித்த நர்ஸுகள் அதிகம் தடுமாறும் இடம் வேலைப் பகிர்வு, அதாவது எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பது. எல்.பி.என். (ஆர்.என்-க்கு அடுத்த நிலை நர்ஸ்), யூ.ஏ.பி. (உரிமம் இல்லாத உதவியாளர்) என்ற படிநிலைகள் நம் வார்டுகளில் அந்த வடிவில் கிடையாது. 2023 தேர்வுத் திட்டத்தில், இது அடங்கும் பராமரிப்பு மேலாண்மைக்கு மட்டும் 15 முதல் 21 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் மதிப்பீடு, கற்பித்தல், பலன் பார்த்தல் மூன்றும் ஆர்.என். கையை விட்டுப் போகக் கூடாது. நிலை மாறாத, என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நோயாளி எல்.பி.என்-க்கு. குளிப்பாட்டல், நடக்க வைத்தல், சிறுநீர் அளந்து எழுதுதல், நிலையான நோயாளியின் வைட்டல்ஸ் (நாடி, இரத்த அழுத்தம், மூச்சு, காய்ச்சல்) பார்த்தல் யூ.ஏ.பி-க்கு. புதிதாக வந்து சேர்ந்தவர், இரத்தம் ஏறத் தொடங்கியவர், இன்று வீட்டுக்குப் போகிறவருக்கான அறிவுரை ஆகியவை ஆர்.என். பொறுப்பு. இந்தத் தலைப்பை மட்டும் வடிகட்டி எடுத்து, தொடர்ந்து ஒரு வாரம் செய்யுங்கள். உழைப்புக்கு உடனே பலன் தெரியும் பகுதி இது.

மருந்துப் பெயர்களும் காலை வாரும். தேர்வில் பெரும்பாலும் வணிகப் பெயர் வராது, பொதுப் பெயர்தான் வரும். அதுவும் அமெரிக்க வழக்கில். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்ப்யூட்டமால் ஆல்ப்யூட்டரால், பெத்திடின் மெப்பரிடின். முதல் நாளே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் வந்த தேர்வின் புதிய வடிவத்துக்கும் வங்கியில் நல்ல பயிற்சி உண்டு. உண்மைத் தேர்வு 85 முதல் 150 கேள்வி, 5 மணி நேரம். குறைந்தபட்ச 85-க்குள்ளேயே மூன்று நோயாளி வழக்குகள் வரும், ஒவ்வொன்றிலும் 6 கேள்விகள். நர்ஸ் குறிப்பு, வைட்டல்ஸ், ஆய்வக முடிவு என்று தாள்கள் திரையில் தனித்தனியாக நிற்கும். கேள்வி நகர நகர அவற்றில் புதுத் தகவல் சேரும். முதல் கேள்விக்குப் படித்ததை வைத்தே நான்காவதற்கும் விடை சொல்பவர்கள் இடையில் இரத்த அழுத்தம் சரிந்ததைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எல்லாத் தாள்களையும் மறுபடி திறக்கும் பழக்கத்தை வங்கியிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தேர்வில் பின்னால் போய்த் திருத்த முடியாது.

மதிப்பெண் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ‘பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ வகையில் சரிக்கு ஒன்று கூடும், தவறுக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் ஓரளவு உறுதி இல்லாததைத் தொடாதீர்கள். ‘மூன்றைத் தேர்ந்தெடு’ என்று எண்ணிக்கை சொன்னால் குறைப்பு இல்லை, மூன்றையும் நிரப்பிவிடுங்கள்.

வங்கியின் குறை என்றால், அடிப்படை இல்லாதவரை அது தூக்கி நிறுத்தாது. டிஜாக்சின் கொடுக்கும்போது பொட்டாசியம் ஏன் பார்க்கிறோம், நெஞ்சுக் குழாயின் நீர்ப்பூட்டில் தொடர்ந்து குமிழி வந்தால் என்ன பொருள் என்பவை தெரியாமல் உள்ளே போனால், நீண்ட விளக்கங்கள் மனத்தில் ஒட்டாமல் வழிந்துவிடும். முதலில் பாடநூல், பிறகு வங்கி. இன்னொன்று, அதில் வரும் சதவீதத்தைத் தேர்வு மதிப்பெண்ணாக எண்ணி மனம் உடைபவர்கள் அதிகம். உண்மைத் தேர்வு உங்கள் திறனுக்கு ஏற்பக் கடினமாகிக்கொண்டே போவது. அங்கே நன்றாக எழுதுபவருக்கும் பாதிக் கேள்வி தவறுவது இயல்பு.

வார்டு வேலையோடு படிப்பவருக்கு நாளைக்கு 30 கேள்வியே நிதானமான அளவு. 2000-ஐ முடிக்க 67 நாள் ஆகும் என்பதால் ஒரு மாதச் சந்தா போதாது. கேள்விக்கு ஒரு பங்கு நேரம், விளக்கத்துக்கு இரண்டு பங்கு. முதல் பாதியில் விடையை உடனே காட்டும் முறையிலும், பிறகு நேரக் கணக்கோடு எல்லாப் பாடமும் கலந்தும் செய்யுங்கள். தவறியவற்றை ஒரு நோட்டில் எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறினீர்களா? மூன்றாவது வகை அதிகமானால் மறுபடி பாடநூலுக்குப் போய்ப் பயனில்லை, எதை முதலில் செய்வது என்று கேட்கும் முன்னுரிமைக் கேள்விகளைக் கூட்டுங்கள்.

சந்தாவோடு வரும் சுயமதிப்பீட்டுத் தேர்வை ஆசைப்பட்டு முதல் வாரத்திலேயே எழுதிவிடாதீர்கள். தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு எழுதினால், பலவீனமான பாடத்தைச் சரிசெய்ய நாள் மிச்சம் இருக்கும். தேர்வை நடத்தும் என்.சி.எஸ்.பி.என். இலவசமாகத் தரும் மாதிரிக் கேள்விகளையும் அந்த வாரத்திலேயே செய்து, உண்மையான திரைக்குக் கையைப் பழக்கிக்கொள்ளலாம்.