1,380-ல் 500 போனால் 880: எடை குறைக்கப் போய் நான் ஏமாந்த கணக்கு

இலவச 'பாடி செக்கப்' என்று நோட்டீஸ் கொடுத்தால் போகவே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள், சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நான் சீட்டோடு சேர்த்து 18,500 ரூபாய்க்கு மாவு டின்களும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கோவையில் எங்கள் தெருமுனை மாடியில் நடக்கும் எடை குறைப்பு கிளப் அது. எனக்கு வயது 38, உயரம் 158 செ.மீ. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். முதல் நாள் சாயங்காலம், டிபன் முடித்துவிட்டுப் போனேன். வெறுங்காலோடு மெஷினில் ஏற்றினார்கள். 74 கிலோ. அது தந்த சீட்டின் கீழே 'பிஎம்ஆர் 1380' என்று அச்சாகியிருந்தது. கோச் தம்பி அதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "அக்கா, உங்க உடம்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தேவை. இதுல 500 குறைச்சா வாரம் அரைக் கிலோ கரைஞ்சிடும்" என்றார். ஆக, 880 கலோரி. காலையும் ராத்திரியும் அந்த மாவைக் கலக்கிய ஷேக், மதியம் இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் காய்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், அந்தக் கழித்தல் சரியா என்று பார்த்தேனே தவிர, எதிலிருந்து கழிக்கிறார் என்று பார்க்கவில்லை.

பிஎம்ஆர் என்பது நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடந்தாலும் இதயமும் மூளையும் சிறுநீரகமும் ஓடுவதற்கு ஆகிற செலவு. பஸ்ஸுக்கு நடப்பது, மாடிப்படி, துணி துவைப்பது எதுவும் அதில் சேராது.

முதல் வாரம் 3 கிலோ குறைந்தது! கைதட்டல், போட்டோ எல்லாம் உண்டு. ஆனால் அதன்பின் எடை பார்த்ததெல்லாம் காலையில், வெறும் வயிற்றில். அதுவே ஒரு கிலோ வித்தியாசம் காட்டும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அப்புறம் எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு மாதம் தீட்டு வரவில்லை. மூன்றாம் மாதம் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. "கழிவு வெளியேறுதுக்கா, நல்லதுதான்" என்றார் தம்பி. முடி எப்போதிருந்து கழிவானதோ!

டாக்டரிடம் போனேன். திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும் என்றார். வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் வரவும் வாய்ப்பு உண்டாம். ஸ்கேனில் நல்லவேளை ஒன்றுமில்லை.

அங்கிருந்த டயட்டீஷியன் பிஎம்ஆர் கணக்கை ஒரு துண்டுச்சீட்டில் போட்டுக் காட்டினார்: எடையை 10-ஆல், உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டு. வயதை 5-ஆல் பெருக்கிக் கழி. பெண் என்றால் இன்னும் 161 கழி, ஆண் என்றால் 5 கூட்டு. எனக்கு 1,376 வந்தது. மெஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க ஆகும் மொத்தச் செலவு தெரிய, இதை உட்கார்ந்தே இருப்பவர் 1.2-ஆலும், ஓரளவு நடமாட்டம் உள்ளவர் 1.375-ஆலும் பெருக்கவேண்டும். கடைக்கு நடந்தே போய்வருவதால் எனக்கு 1,890 என்று வைத்தார். அதில் 500 போக சுமார் 1,400. நடையே இல்லையென்றால் 1,650-தான். அதில் 500 எடுத்தால் 1,200-க்குக் கீழே போய்விடும், டாக்டர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் அதற்குக் கீழே போகக்கூடாது, அப்போது 500-க்குப் பதில் 300, 400 குறைத்தால் போதும் என்றார். எல்லாம் தோராயம்தான், இரண்டு மூன்று வாரம் எடையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமாம்.

இப்போது மதியம் சோறு, பருப்பு, முட்டை சாப்பிட்டே மாதம் ஒன்றரைக் கிலோ இறங்குகிறது.

பணத்தைக் கேட்டுப் போனேன். திறந்த டின்னைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பில் கேட்டதற்குத் தம்பி சிரித்தார். பணம் போனது அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அங்கே காட்ட என்னிடம் இருப்பது பணம் அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டும், சிவப்பு வட்டம் போட்ட அந்தச் சீட்டும்தான்.