கோர்ஃபு ஈஸ்டரா, டினோஸ் மாதா விழாவா?

கிரீஸ் போக ஒரு முறைதான் விடுப்பு கிடைக்கும் என்றால் எந்தத் தீவு?

தேதி: கோர்ஃபுவில் கொண்டாடும் ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்திய கிறிஸ்தவ சபை) ஈஸ்டர் ஆண்டுதோறும் மாறும். டினோஸில் எப்போதும் ஆகஸ்ட் 15.

பயணம்: கோர்ஃபுவுக்கு விமானம் உண்டு, டினோஸுக்குக் கப்பல்தான்.

காட்சி: கோர்ஃபுவில் ஈஸ்டருக்கு முந்தின நாளான புனிதச் சனிக்கிழமை காலை 11 மணிக்கு, சிவப்புத் துணி தொங்கும் பால்கனிகளிலிருந்து தண்ணீர் நிரப்பிய மண்பானைகள் தெருவில் விழுந்து சிதறும். அதிர்ஷ்டம் என்று ஒரு சில்லை எடுத்துப்போவார்கள். டினோஸ் அப்படியே வேறு. துறைமுகத்திலிருந்து மேட்டுக் கோவில்வரை, சாலையோரம் விரித்த கம்பளத்தில் முழங்காலிலேயே ஊர்ந்து போவார்கள். 1823இல் கண்டெடுத்த மாதா படம் அன்று ஊர்வலம் வரும். பார்க்க நெஞ்சு கனத்துவிடும்.

பிள்ளைகளோடு கொண்டாட்டம் என்றால் கோர்ஃபு. மனதில் ஒரு வேண்டுதல் இருக்கிறதா, டினோஸ்தான். அறையை மட்டும் சீக்கிரமே பிடித்துவிடுங்கள்.