முகப்புக்குக் கல் ஒட்டும் வேலை: பெங்களூரில் பழைய வீடு வைத்திருப்போர் கவனத்திற்கு

பெங்களூரு ராமமூர்த்தி நகர், பாணஸ்வாடி சுற்றுவட்டாரத்தில், பழைய வீட்டின் முகப்புக்குக் கல் ஒட்டியும் மரநிறப் பட்டைகள் பதித்தும் புதுத் தோற்றம் தருவதாகச் சொல்லி வேலை பிடிக்கும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் நாங்கள் பட்டதை, இப்போது அதே வேலைக்கு விலை கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் அவருடைய பெயரைக் குறிப்பிடவில்லை. அவர் செய்த விதத்தைச் சொன்னால் போதும், அந்த விதம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதும் அல்ல.

எங்களுடையது 30க்கு 40 மனையில் மேற்குப் பார்த்த மாடி வீடு. முகப்பில் பெயிண்ட் வெளுத்துப் போயிருந்ததால், தரையிலிருந்து மாடிக் கைப்பிடிச் சுவர் வரை சாதரஹள்ளிக் கல் எனப்படும் சாம்பல் நிறக் கிரானைட் ஒட்டுவதென்றும், பால்கனி ஓரத்தில் மட்டும் லூவர் எனப்படும் மரநிறப் பட்டைகள் பதிப்பதென்றும் பேச்சு. அவர் காட்டிய சாம்பிள் கல் 20 மில்லிமீட்டர் தடிமனில், பின்புறம் ஒரே மட்டமாக அறுக்கப்பட்டு, குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. நாங்கள் தமிழில் பேசத் தொடங்கியதும் "சார்" என்று அழைத்தவர் "அண்ணா"வுக்கு மாறினார். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த நெருக்கத்தையே முதலாகப் போட்டுத் தொழில் செய்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி: முகப்புக் கல் வேலை, பொருளும் கூலியும் சேர்த்து, சதுர அடிக்கு 290 ரூபாய். கல்லின் தடிமன், பசையின் வகை, பழைய பெயிண்டைக் கொத்தி எடுப்பது யார் பொறுப்பு ஆகியவற்றையும் எழுதித் தரும்படி என் மனைவி கேட்டபோது, "நமக்குள்ள எதுக்குக்கா எழுத்தெல்லாம்" என்று சிரித்தார்.

வேலை முடிந்தபோது வீடு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மே மாதத்துக் கோடை மழையில், மாடி ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்து ஒன்றரை அடி நீளக் கல் ஒன்று பெயர்ந்து, கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் இருக்கையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. எட்டு கிலோவுக்குக் குறையாத அந்தக் கல் விழுந்த நேரத்தில் வாசலில் யாரும் இல்லை.

அதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் வேலையின் லட்சணம் தெரிந்தது. ஒரு முனையில் 15 மில்லிமீட்டரும் மறுமுனையில் 30 மில்லிமீட்டருமாக, பின்புறம் மேடும் பள்ளமுமாக இருந்த அந்தக் கல், நாங்கள் பார்த்த சாம்பிளோடு எந்த உறவும் இல்லாதது. நான்கு மூலையிலும் நடுவிலும் எலுமிச்சம்பழம் அளவில் பசை உருண்டைகள் இருந்தன; மற்ற இடமெல்லாம் வெறுமை. ஒவ்வொரு உருண்டையின் தலையிலும், எங்கள் சுவரின் பழைய பீச் நிறப் பெயிண்ட் தோலாக உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதாவது, பசை பெயிண்டைப் பிடித்திருந்தது. பெயிண்ட்தான் சுவரைப் பிடித்திருக்கவில்லை.

இந்த வேலையை முறையாகச் செய்ய, முதலில் பழைய பெயிண்டையும் பட்டியையும் முழுக்கச் சுரண்டி, சிமெண்ட் பூச்சு தெரியும்வரை கொத்திச் சொரசொரப்பாக்கிக் கழுவ வேண்டும். பிறகு பல் வைத்த கரண்டியால் பசையைச் சுவர் முழுவதும் இழுத்து, கல்லின் பின்புறத்திலும் ஒரு பூச்சுப் பூசி, இடைவெளி இல்லாமல் அழுத்திப் பதிக்க வேண்டும். கல் சீரான தடிமனில் இருந்தால்தான் இது கைகூடும். கோணல் கல்லை மட்டத்துக்குக் கொண்டுவர மேஸ்திரிக்குக் கிடைக்கும் எளிய வழி உருண்டை வைப்பதுதான். உருண்டைகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் மழைநீர் இறங்கித் தங்குகிறது. மேற்கு வெயிலில் கல் காய்ந்து விரிவதும் மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்குவதுமாக, இருக்கும் சொற்பப் பிடிப்பும் தளர்கிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15477 இத்தகைய பசைகளை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. அவற்றில் முதல் வகை வீட்டுக்குள் சாதாரணப் பீங்கான் டைல் ஒட்டும் வேலைக்கானது. வெளிச்சுவரில் கனமான இயற்கைக் கல்லுக்கு மூன்றாம் வகையோ அதற்கு மேலோ வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளுக்கு அடியில் கிடந்த காலி மூட்டைகள் எல்லாவற்றிலும் அச்சாகியிருந்தது முதல் வகை. 20 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஐந்து கிலோ எடை வரும். மாடி உயரத்தில் அந்த எடைக்கு, நல்ல பசையோடு துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிகளும் சேர்த்துப் பதிப்பதே பாதுகாப்பு என்று, பிறகு வந்து பார்த்த பொறியாளர் சொன்னார்.

ஒரு ரூபாய் நாணயத்தால் கற்களைத் தட்டச் சொன்னவரும் அவர்தான். நன்றாகப் பதிந்த கல் கெட்டியான ஓசை தரும். பின்னால் வெற்றிடம் இருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியதுபோலக் கேட்கும். எங்கள் சுவரில் கைக்கு எட்டிய கற்களில் பாதிக்கு மேல் காலிப் பெட்டி. சாரம் பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்து பார்த்துவிடலாம், செலவும் கிடையாது.

அளவிலும் விளையாட்டு இருந்தது. ஜன்னல் திறப்புகளைக் கழிக்காமல் சுவர் முழுவதையும் சதுர அடியாகப் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கவாட்டில் ஒட்டிய கல்லுக்கு ரன்னிங் அடிக் கணக்கில் (நீளத்தை மட்டும் அளந்து) தனியாகவும் வாங்கியிருந்தார்.

லூவர் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வெளிப்புறத்துக்கான, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. என்று சொல்லிவிட்டு, தொலைக்காட்சிக்குப் பின்னால் அலங்காரத்துக்கு ஒட்டுகிற பாலிஸ்டைரீன் பட்டைகளைப் பதித்திருந்தார். ஒரே கோடையில் அவை வில்லாக வளைந்து நிறம் மங்கிவிட்டன. வாங்கும்போது ஒரு துண்டை அறுத்து முனையைப் பார்த்தால் நுரை போன்ற உட்பகுதி தெரிந்துவிடும்.

கல் விழுந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு, "கட்டடம் அசைஞ்சா கல் விழத்தான்ணா செய்யும்" என்று பதில் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை. பில் கேட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும் என்று சொல்லி ரொக்கமாகவே வாங்க முயன்றவர் அவர். நாங்கள் வங்கி வழியாக அனுப்பியிருந்ததால் பணம் போன தடயம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, பொறியாளர் அறிக்கை, பசை மூட்டையின் படம், பெயிண்ட் தோல் ஒட்டிய கல்லின் படம் ஆகியவற்றோடு ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். விழுந்த கல்லையும் காலி மூட்டை ஒன்றையும் சான்றாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்.

மீதிக் கற்களை இறக்க வேறொரு மேஸ்திரி கூலி பேசியிருக்கிறார். அவர் எழுதித் தந்த தாளில், சுவரைக் கொத்தி மறுபூச்சுப் பூசி, மழைக்காலம் கழிந்து சுவர் காய்ந்த பிறகே பெயிண்ட் அடிப்பது என்றும், கூலியில் பத்தில் ஒரு பங்கை அடுத்த மழைக்குப் பின் வாங்கிக்கொள்வது என்றும் இருக்கிறது.