ஸ்கேன் செய்தால் லேபிள் வரும் மென்பொருள்: எழுதி வாங்குபவர்கள் கவனத்துக்கு

பார்கோடை ஸ்கேன் செய்தவுடன் அந்த ஆர்டருக்கான கூரியர் லேபிள் பிரிண்டரிலிருந்து வர வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். இதற்காகத் தனியாக ஒரு டெஸ்க்டாப் மென்பொருள் எழுதித் தரச் சொல்லி ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். முழுப் பணமும் போய்விட்டது, மென்பொருளை நிறுத்திவிட்டோம், ஆள் மாறிப் போன பார்சல்களுக்கு இன்னும் வாடிக்கையாளர்களிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதே வேலையை யாரிடமாவது கொடுக்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

டெமோவில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஒரு ஸ்கேன், ஒரு லேபிள், நிதானமாக. ஆனால் பேக்கிங் மேஜையில் யாரும் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு பார்சலை ஸ்கேன் செய்ததும் மென்பொருள் கூரியர் சர்வரிடம் டிராக்கிங் எண் கேட்கிறது. பதில் வரச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் கை அடுத்த பார்சலை ஸ்கேன் செய்திருக்கும், திரையில் இரண்டாவது ஆர்டர் வந்திருக்கும். அப்போது வந்து சேரும் முதல் ஆர்டரின் எண்ணை, திரையில் யார் இருக்கிறாரோ அவர் கணக்கில் இந்த மென்பொருள் போட்டுவிடுகிறது. லேபிளில் அச்சாகும் பெயரும் முகவரியும் சரியாகவே இருக்கும். கீழே இருக்கும் பார்கோடு மட்டும் வேறொருவருடையது. பேக் செய்பவர் படிப்பது முகவரியை. கூரியர் கிடங்கில் படிப்பது பார்கோடை. அதனால்தான் வாடிக்கையாளர்கள் கூப்பிடும்வரை எங்களுக்கு விஷயமே தெரியவில்லை.

எழுதியவரிடம் சொன்னதற்கு, "உங்க ஆட்கள் அவசரப்படுறாங்க, மெதுவா ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க" என்றார். இந்தப் பதிலை என்னால் ஏற்கவே முடியவில்லை. வேகத்துக்காகத்தானே மென்பொருள்! நிரல் எழுதத் தெரிந்த நண்பர் ஒருவர், மென்பொருள் செய்வதையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்து பார்த்தார். சர்வருக்குக் கோரிக்கைகள் அடுத்தடுத்துப் போயிருக்கின்றன. வரும் பதில் எந்த ஆர்டருக்கானது என்று சரிபார்த்ததற்கு ஒரு தடயமும் இல்லை. ஒவ்வொரு கோரிக்கையுடனும் ஆர்டர் எண்ணைச் சேர்த்து அனுப்பி, பதிலை அதோடு பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் லேபிள் வரும்வரை அடுத்த ஸ்கேனை ஏற்காமல் பீப் அடித்திருக்கலாம். இரண்டும் பெரிய வித்தை இல்லை.

அடுத்தது பூஜ்யம். சில பொருட்களை ஸ்கேன் செய்தால் 'பொருள் இல்லை' என்று வரும். ஸ்கேனர் பழுது, புதிதாக வாங்குங்கள் என்றார் மென்பொருள் எழுதியவர். கையில் பிடிக்கும் ஸ்கேனர்கள் பெரும்பாலும் கீபோர்டு மாதிரிதான் வேலை செய்கின்றன: படித்த எண்களைத் தட்டச்சு செய்து கடைசியில் எண்டர் அழுத்தும். ஆகவே நோட்பேடைத் திறந்து அதே பொருளை ஸ்கேன் செய்தோம். 12 இலக்கமும் முழுசாக வந்தது, முதல் இலக்கம் 0. ஸ்கேனரில் கோளாறே இல்லை. மென்பொருள் அதை வந்தபடியே எழுத்துச் சரமாக (டெக்ஸ்டாக) வைக்காமல், கணக்குப் போடும் எண்ணாக மாற்றியதில் முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போயிருக்கிறது. பார்கோடைக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அது ஒரு பெயர் மாதிரி. இந்த அடிப்படை தெரியாமல் வேலையை ஒப்புக்கொண்டவர், எங்களைப் புது ஸ்கேனர் வாங்க வைக்கப் பார்த்தார்.

லேபிள் அச்சிலும் அலட்சியம். எங்களுடையது 203 டிபிஐ தெர்மல் பிரிண்டர், அதாவது வெப்பத்தால் அச்சிடுவது, ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி, ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. பார்கோடின் மிக மெல்லிய கோடு முழுப் புள்ளிகளாக அமைய வேண்டும். இவர் லேபிளைப் படமாக்கி, தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அனுப்பியிருக்கிறார். ஒரே அகலத்தில் இருக்க வேண்டிய கோடுகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் வந்தன. லேபிளில் இருக்கும் கோட் 128 என்ற பார்கோடு வகையை ஸ்கேனர் சரியாகப் படிக்க, இரு பக்கமும் மெல்லிய கோட்டின் அகலத்தைப் போல் 10 மடங்கு வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தில் அழகுக்காக ஒரு பெட்டிக் கோடு வரைந்து வைத்திருந்தார். பிரிண்டருக்குப் புரியும் கட்டளையிலேயே, உதாரணமாக லேபிள் பிரிண்டர்களுக்கான இசட்பிஎல் (ZPL) மொழியில், பார்கோடை அச்சிடச் சொல்லியிருந்தால் சுருங்கும் பிரச்சினை வந்திருக்காது.

சரி, வேறு ஒருவரை வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோடைத் தர மாட்டேன் என்கிறார். ஒப்பந்தத்தில் 'முழு மென்பொருளும் ஒப்படைக்கப்படும்' என்று இருக்கிறது. இன்ஸ்டால் செய்யும் ஃபைலைக் கொடுத்ததே ஒப்படைத்ததுதான் என்று வாதிடுகிறார். போதாக்குறைக்கு, லைசன்ஸ் ஒரே கணினியோடு பூட்டப்பட்டிருக்கிறது. கணினி மாற்றினால் புது சாவிக்குத் தனிக் கட்டணமாம். பேச்சுவார்த்தையில் வாயே திறக்காத விஷயம் இது. நாம் காசு கொடுத்து எழுத வைத்ததற்கு நாமே வாடகை கட்ட வேண்டுமா?

ஆகவே ஒப்பந்தத்தில் 'சோர்ஸ் கோடு' என்ற சொல்லையே எழுதச் சொல்லுங்கள். வேறொரு கணினியில் அந்த சோர்ஸ் கோடிலிருந்து மென்பொருளை உருவாக்கிக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்பதையும் சேருங்கள். டெமோவை அவர் லேப்டாப்பில் பார்க்காமல் உங்கள் ஸ்கேனர், உங்கள் பிரிண்டர், உங்கள் பொருட்களோடு பாருங்கள். நடுவில் நெட்டைத் துண்டித்தும் பாருங்கள். அப்போது பழைய லேபிளே மறுபடி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

ஏற்கெனவே இப்படி ஒன்றைப் பயன்படுத்துபவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். வெவ்வேறு ஊருக்குப் போகும் இரண்டு ஆர்டர்களை இடைவெளி விடாமல் ஸ்கேன் செய்யுங்கள். வந்த லேபிள்களின் பார்கோடை நோட்பேடில் திரும்ப ஸ்கேன் செய்து, அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கூரியர் கணக்கில் சரிபாருங்கள். பெயர் மாறியிருந்தால் கட்டி வைத்திருக்கும் பார்சல்களை வெளியே அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றையும் இதே மாதிரி சரிபார்த்த பிறகு கூரியரிடம் கொடுங்கள்.