இணைப்பு மறுக்கப்படும்போது: போஸ்ட்கிரெஸோடு என் நெடுநாள் அனுபவம்

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தரவுத்தளம் ஆரம்பம் முதலே போஸ்ட்கிரெஸ்தான். இணைப்பு கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும். அதற்காகவே அதை விட மனம் வரவில்லை.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று உடனே வந்தால், பெரும்பாலும் கோரிக்கை அந்தக் கணினிவரை போய்விட்டது. ஆனால் நாம் கேட்ட போர்ட்டில், அதாவது நிரல் இணைப்புக்காகக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலில், கேட்க ஆளில்லை. பதிலே வராமல் இழுத்தடித்து டைம்அவுட் ஆனால், முதலில் ஃபயர்வாலைத்தான் சந்தேகிப்பேன். கடவுச்சொல் தவறு என்றோ, யார் எங்கிருந்து இணையலாம் என்று பட்டியலிடும் ‘பிஜி எச்பிஏ’ கோப்பில் இடமில்லை என்றோ வந்தால், தரவுத்தளமே வாய்திறந்துவிட்டது என்று பொருள். இணைப்பு மறுக்கப்படும்போது கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எங்கள் குழுவில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் இருக்கிறார். “அண்ணா, நேரடியாக ஓட்டினால் இணைகிறது, டாக்கரில் போட்டால் மறுக்கிறது” என்றார். திறந்து பார்த்தோம், ஹோஸ்ட் என்ற இடத்தில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றிருந்தது. டாக்கர் நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். அதற்குள் போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்டான 5432-இல் யார் இருப்பார்கள்? கன்டெய்னர்களை வரையறுக்கும் கம்போஸ் கோப்பில் தரவுத்தளச் சேவைக்கு இட்டிருந்த பெயரை எழுதியதும் இணைந்தது.

தனி சர்வர் என்றால் முதலில், எந்த போர்ட்டில் கேட்க ஆளிருக்கிறது என்று காட்டும் ‘எஸ்எஸ்’ கட்டளையைப் போட்டுப் பார்ப்பேன். 127.0.0.1:5432 என்று மட்டும் காட்டினால், எந்த முகவரிகளில் கேட்பது என்று சொல்லும் ‘லிசன் அட்ரஸஸ்’ அமைப்பு இயல்புநிலையிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. அதை மாற்றினால் ரீஸ்டார்ட் கட்டாயம். எச்பிஏ கோப்புக்கோ, நிறுத்தாமல் மீண்டும் படிக்கவைக்கும் ரீலோடே போதும்.

எனக்கு உள்ள பெரிய குறை வேறு. ஒவ்வோர் இணைப்புக்கும் தனி பிராசஸ். இயல்பான உச்சவரம்பு 100, அதிலும் 3 நிர்வாகிக்கு. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது ‘டூ மெனி கிளையண்ட்ஸ்’ வந்து நிற்கும். வரம்பை ஆயிரமாக்குவதை நான் ஏற்பதில்லை; நினைவகம்தான் கரையும். சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சரை 6432 போர்ட்டில் அமைத்த பிறகே நிம்மதி. அதன் டிரான்சாக்‌ஷன் முறையில், அதாவது ஒரு பரிவர்த்தனை முடிந்ததும் இணைப்பை அடுத்தவருக்குத் தரும் முறையில், முன்கூட்டியே தயாரித்து வைக்கும் கட்டளைகளான பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்கள் வெகுகாலம் தொல்லை கொடுத்தன; 2023-இல் வந்த 1.21 பதிப்பு அதற்கும் வழி செய்தது. புதிதாக நிறுவுகிறவர்கள் அதற்கு முந்தைய பதிப்பைத் தொட வேண்டாம்.