பழைய டீசல் பிக்கப்: மலைப்பாதையில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மன்னவனூர், பூம்பாறை பக்கத்துத் தோட்டங்களில் காரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு, பழனி மலைப்பாதை வழியாக ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்கும் வேலையை என்னுடைய டீசல் பிக்கப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறது. 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின், டர்போ கிடையாது, டீசலை இன்ஜினுக்குச் செலுத்த ரோட்டரி பம்பு, 12 வோல்ட் மின்சாரம், கணினி என்று எதுவும் இல்லை. எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனம் என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். இத்தகைய வண்டியை வைத்து ஓட்டுபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பழைய வண்டியில் பழுது தெரிகிற இடம் ஒன்றாகவும், பழுது இருக்கிற இடம் வேறாகவும் இருப்பதே அதிகம். எந்த உதிரிபாகத்தையும் மாற்றுவதற்கு முன்பு அளந்து பார்க்க வேண்டும். அதற்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றே பெரும்பாலும் போதுமானது.

காலையில் செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் உடனே பேட்டரியைக் குறை சொல்வது வழக்கம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது; 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் தாங்கினால் பேட்டரி மீது சந்தேகப்படத் தேவையில்லை. அதன் பிறகும் இன்ஜின் இழுவையாகச் சுற்றினால் பார்க்க வேண்டியது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் இணைப்பு. டீசல் இன்ஜினைச் சுற்றச் செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கே தொலைந்துவிடும். இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீடு காட்டாது. அந்த நிலையில் வயர் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே டீசல் பம்பில் டீசலைத் திறந்து மூடும் சோலினாய்டின் வயரைக் கழற்றி இன்ஜின் பிடிக்காமல் செய்துவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை இன்ஜின் பிளாக்கிலும் தொட்டுக்கொண்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரிக்கும் சேஸிக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையில்தான் கோளாறு. போல்ட்டைக் கழற்றி, துருவும் பெயின்டும் போகும்படி உலோகம் பளிச்சென்று தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும்.

எர்த் கெட்டிருக்கும்போது மின்சாரம் சும்மா நிற்பதில்லை. திரும்பிச் செல்ல வேறு வழியைத் தேடிக்கொள்ளும். ஆக்சிலரேட்டர் கேபிளும் கியர் கேபிளும் சூடாகிக் கருகுவது இப்படித்தான் நடக்கிறது, கேபிள் பழையது என்பதற்காக அல்ல. ஹெட்லைட் போட்டவுடன் வெப்பமானியின் முள் நகர்ந்தாலோ, பிரேக் மிதிக்கும்போது இன்டிகேட்டர் மங்கலாக எரிந்தாலோ, அவையும் எர்த் கோளாற்றின் அறிகுறிகளே. பின்விளக்குகளின் எர்த் திருகு சேறும் நீரும் படும் இடத்தில் இருப்பதால், மழைக்காலத்துக்கு முன்பு அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். எஃப்.சி.க்குப் போகும் வண்டிகளில் விளக்கு எரியாததற்கு பல்பு காரணமாக இருப்பதைவிட இந்தத் திருகு காரணமாக இருப்பதை அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால், நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் இணைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த வகை வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிவு இருக்கக் கூடாது. எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் கசிவு நீடித்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டையோடைச் சந்தேகிக்கலாம். அதன் தடித்த வயரைக் கழற்றியதும் கசிவு நின்றால் சந்தேகம் உறுதி.

நம் ஊர்ப் பட்டறைகளில் டைனமோ என்று அழைக்கப்படும் இந்த ஆல்டர்னேட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என் வண்டியில் அது பிரேக்கோடும் தொடர்புடையது. பெட்ரோல் இன்ஜினைப் போல டீசல் இன்ஜினின் காற்றுக் குழாயில் போதிய வெற்றிடம் உருவாவதில்லை. எனவே, பெடலை மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடத்தைத் தனி வேக்குவம் பம்பு உண்டாக்குகிறது. பழைய டீசல் பிக்கப்கள் பலவற்றில் அந்தப் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில் அதே தண்டில் பொருத்தப்பட்டு, இன்ஜின் ஆயிலால் உயவூட்டப்படுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் உள்ளே இறங்கி, கார்பன் பிரஷ்களையும் ஸ்லிப் ரிங்கையும் நனைத்துவிடும். சார்ஜ் விளக்கு மினுக்கத் தொடங்கும். எலக்ட்ரீஷியன் பிரஷ் மாற்றிக் கொடுப்பார். சில வாரங்களில் அதே தொல்லை மீண்டும் வரும். சீலை மாற்றாமல் பிரஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஆல்டர்னேட்டரின் அடியில் ஆயில் ஈரம் தெரிகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் சரி.

பூஸ்டரைச் சோதிப்பது இன்னும் எளிது. இன்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக்கைப் பலமுறை மிதித்து, பெடல் கெட்டியான பிறகு அதை அழுத்திப் பிடித்தபடியே இன்ஜினை இயக்கினால் பெடல் சிறிது கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் பம்பு, குழாய், ஒருவழி வால்வு, பூஸ்டர் ஆகிய நான்கில் ஒன்று பழுது. என் வண்டியில் ஒரே வி-பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் சார்ஜ் போகும், சூடு ஏறும், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பெல்ட்டின் உட்புறத்தில் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். தாமதிக்கக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

டீசல் பக்கத்தில் மிக அதிகமாகக் குழப்புவது ஏர் பிடித்தல், அதாவது டீசல் பாதையில் காற்று புகுவது. டேங்கிலிருந்து பம்பு வரையிலான குழாய் உறிஞ்சும் பாதை என்பதால், அதில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகலாம். கசிவே இல்லையே என்று ஏமாந்துபோவது அதனால்தான். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது, பிடித்த பிறகு ஒழுங்காக ஓடுகிறது என்றால், இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது என்று கொள்ளலாம். பம்புக்கு முன்பு ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். பிறகு டேங்கின் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போகலாம். ஃபில்டர் தலையிலுள்ள ஹேண்ட் பிரைமரின் (கையால் டீசலை ஏற்றும் சிறு பம்பு) ரப்பரும், இணைப்புகளின் செப்பு வாசர்களும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். ஒருமுறை பயன்படுத்திய வாசரையே திரும்பப் போடக் கூடாது.

புகையைப் பார்த்து முடிவெடுக்கும்போது மலையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினில் காற்று குறைந்தாலும் பம்பு தரும் டீசல் அதே அளவில் இருந்தால் கரும்புகை வரத்தான் செய்யும். அடிவாரத்தில் அடங்கிவிடும் புகைக்காகப் பம்பையும், டீசலைத் தெளிக்கும் நாசில்களையும் கழற்றிக் கொடுக்க வேண்டாம். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து ஓட்டிப் பார்த்தாலே போதும். சமவெளியிலும் கரும்புகை வந்தால் நாசில்களைச் சோதிக்கலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டுவது. சூடேறிய பிறகும் வெண்புகை விடாமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

அதே உயரம் தண்ணீரின் கொதிநிலையையும் குறைக்கிறது. கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் இன்ஜின் பிழைக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், மற்ற யாவும் சரியாக இருந்தாலும் மேட்டில் கொதித்துக் கொட்டும். விலை மலிவான இந்த மூடியை முதலில் மாற்றிப் பார்க்காமல் ரேடியேட்டரைக் கழற்றும் பட்டறைகளை எனக்குப் பிடிப்பதில்லை. சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவதையும் நான் ஏற்பதில்லை. 82 டிகிரி வாக்கில் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால், குளிரான மலைக்காலையில் இன்ஜின் சூடேறவே நெடுநேரம் ஆகும்; டீசலும் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும்; கூலன்ட் கலந்து ஊற்றுவதே சரி.

கியர் போட்டுக் கிளம்பும்போது அடியில் 'டக்' என்று சத்தம் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ ஜாயின்ட் கிராஸையும் சென்டர் பேரிங்கையும் கையால் ஆட்டிப் பார்க்கலாம். கிளட்ச் பெடல் மேலே வராமல் தங்கினால், கிளட்ச் பிளேட் வரை போகாமல் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளைப் புதிய பட்டை போட்ட பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் இறுக்குவது அவசியம். இறுக்காவிட்டால் நடு போல்ட் முறியும்.

பாரம் ஏற்றிப் பிழைக்கும் சிறு விவசாயிக்கு இந்த வண்டி இன்றைக்கும் ஏற்றது என்றே கருதுகிறேன். இதன் ஒவ்வொரு உறுப்பையும் கையால் தொட்டு, மீட்டரால் அளந்து, ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்ய முடிகிறது. வெளியூர்ப் பயணத்தையே தொழிலாகக் கொண்டு, ஒரு நாள் வண்டி நின்றாலும் வருமானம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வண்டி வாங்கப் போகிறவர் இன்ஜின் முழுவதும் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய், தன் கையாலேயே முதல் செல்ஃப் அடித்துப் பார்க்கட்டும். இன்ஜின் சூடேறியதும் ஆயில் மூடியைத் திறந்து, புகை அழுத்தத்தோடு வெளியே தள்ளுகிறதா (தள்ளினால் இன்ஜின் உள்ளே தேய்ந்திருக்கலாம்) என்றும் பார்க்கட்டும். முன்கூட்டியே சூடாக்கி நிறுத்தப்பட்டிருந்தால் பேரம் பேசாமல், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.