படகு எஞ்சின் சர்வீஸ்: பில்லில் இருந்த பாகங்கள் எஞ்சினில் இல்லை

கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து கொச்சிப் பக்கம் சொந்த வேகப் படகு வைத்திருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பப் படகில் இருப்பது 150 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டிக் கழற்றும் வகை. பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர் என்ற நம்பிக்கையில், மழைக்காலத்தில் அதைக் கோவைக்குக் கொண்டுவந்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் முழு சர்வீசுக்கு விட்டோம். ₹1,38,000 பில் வந்தது. தண்ணீர் பம்ப் இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இறக்கைச் சக்கரம்), தெர்மோஸ்டாட், ப்ரொப்பல்லர் தண்டின் சீல், கியர் ஆயில் எல்லாம் புதிது என்று அதில் எழுதியிருந்தார்கள். பழைய பாகங்களைக் கேட்டதற்கு, "எல்லாம் மாத்தியாச்சுங்க, பழசெல்லாம் காயலாங்கடைக்குப் போயிருச்சுங்க" என்று பதில் வந்தது.

எஞ்சினைத் திரும்பப் படகில் மாட்டி ஓட்டியபோது, வேம்பநாட்டுக் காயலில் முழு வேகம் பிடித்த சற்று நேரத்திலேயே சூட்டு அலாரம் அலறி, எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பின்புறத் துளையிலிருந்து பீய்ச்சியடிக்க வேண்டிய தண்ணீர் நூலாக வழிந்தது. கொச்சி மெக்கானிக் ஒருவர் எஞ்சினின் கீழ்ப்பகுதியைக் கழற்றுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். போல்ட் தலைகளின் மீதிருந்த பழைய பெயிண்டும் உப்புக்கறையும் ஸ்பேனர் பட்ட தடமே இல்லாமல் அப்படியே இருந்தன. அந்தப் போல்ட்டுகளைக் கழற்றாமல் இம்பெல்லரைத் தொடவே முடியாது. உள்ளே இருந்த ரப்பர் இறக்கைகள் விறைத்து ஒரே பக்கமாக மடிந்திருந்தன. ஒன்றின் நுனியைக் காணவில்லை. வடித்த கியர் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது, அதாவது சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஒர்க்‌ஷாப்காரர் பழியை எத்தனால் பெட்ரோல் மேல் போட்டார். பெரும்பாலான அவுட்போர்டு கம்பெனிகள் 10% எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன, நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20% கலந்தது, ஓடாமல் நிற்கும் டேங்கில் அது ஈரத்தை இழுத்துத் தண்ணீராகப் பிரியும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மாற்றாத இம்பெல்லருக்கும் பெட்ரோலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இத்தகைய பில் நம்மிடம் எளிதில் செல்லுபடியாவதற்குக் காரணம், நியாயமான செலவே அதிகம் என்பதுதான். அவிநாசி ரோட்டில் ஓடும் கார் தன் திறனில் சிறு பகுதியையே செலவிடுகிறது. படகு எஞ்சினோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மணிக்கணக்கில் தன் திறனின் பெரும்பகுதியைச் செலவிட்டு உழைக்கிறது, அதுவும் உப்புநீரையே உள்ளிழுத்துக் குளிர்ந்தபடி. ஆகவே பொதுவாக 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஆனோடுகளையும் (எஞ்சினுக்குப் பதிலாகத் தாம் அரிக்கப்படும் உலோகத் துண்டுகள்) இம்பெல்லரையும் பார்த்தாக வேண்டும். திறன் கூடக் கூடச் செலவும் ஏறும். பெரிய தொகைக்குப் பழகிப்போன நம்மிடம் பொய்த் தொகையும் கேள்வியில்லாமல் போய்விடுகிறது.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் கீழ்ப்பகுதி போல்ட்டுகளைப் படமெடுங்கள். பழைய இம்பெல்லரைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓடிய மணிக்கணக்கை எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்து வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் எஞ்சினை விடாதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர அவர்கள் மறுத்துவிட்டதால், பில்லையும் படங்களையும் கொச்சி மெக்கானிக்கின் எழுத்து அறிக்கையையும் சேர்த்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். சொந்த உபயோகப் படகுக்கு இந்த வழி உண்டு; லாபத்துக்கு வாடகைக்கு விடும் படகு என்றால் முதலில் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.